வாசித்து முடித்த நாவலையும் தன்வரலாற்றையும் பற்றி எழுதுவது எப்படி?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நூல் வெளியீடு நடந்தால் நயவுரை என்று ஒன்று கட்டாயம் இருக்கும். அது நூலாசிரியர் முன்னிலையில், அவருக்கு மாலை விழுந்த பிறகு பேசப்படுவது. அங்கே பாராட்டுத்தான் மரபு, அதில் தப்பில்லை. வாசிப்புக் குறிப்பு வேறு. அது இன்னும் அந்த நூலைக் கையில் எடுக்காத ஒருவருக்காக எழுதப்படுவது. நயவுரையின் மொழியை அப்படியே குறிப்புக்குள் கொண்டுவருவதால்தான் பல குறிப்புகள் ‘மண்வாசனை கமழும் அரிய படைப்பு’ என்று தொடங்கி, ‘அனைவரும் வாசிக்க வேண்டும்’ என்று முடிந்துபோகின்றன. நடுவில் நூலைக் காணோம்.

ஒரு குறிப்பு நிற்பதற்கு வேண்டியது ஒன்றுதான்: எந்தப் பக்கத்தில், எந்த வரியில் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பது. அதைச் சேகரிக்கும் வேலை, எழுத உட்காரும் நாளில் அல்ல, நூலின் முதல் பக்கத்திலேயே ஆரம்பிக்கிறது.

வாசிக்கும்போது

80 பக்கக் கொப்பி ஒன்றும் பென்சிலும் போதும். முதல் பக்கத்தில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, எத்தனையாம் பதிப்பு, மொழிபெயர்ப்பானால் மொழிபெயர்த்தவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். பதிப்பு விபரத்தை விட்டுவிட வேண்டாம். மலையக (இலங்கைத் தேயிலைத் தோட்டப் பகுதி) நாவல்கள் சில பத்திரிகையில் தொடராக வந்து, பிறகு நூலாகி, பல ஆண்டு கழித்து வேறு பதிப்பகத்தால் மறுபடி அச்சாகியிருக்கும். ஒரு பதிப்பின் 112 ஆம் பக்கம் இன்னொன்றில் 97 ஆக இருக்கலாம். நூலகம் இணையத்தளத்தில் மின்னூலாக வாசிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திரையில் தெரியும் பக்க எண் அட்டையையும் முன்னுரையையும் சேர்த்து எண்ணியது. தாளின் அடியிலோ தலையிலோ அச்சான எண்ணைத்தான் குறிக்க வேண்டும்.

நூலைத் திறக்கும் முன் ஒரு வரி எழுதி வையுங்கள்: இந்த நூலிடம் என்ன எதிர்பார்க்கிறேன்? ‘தொழிற்சங்கக்காரர் எழுதியது, வேலைநிறுத்தம் பற்றித்தான் இருக்கும்’ என்பது போல. முடித்த பிறகு அந்த வரியைப் பார்த்தால், நூல் உங்களை எங்கே கொண்டுபோனது, எங்கே ஏமாற்றியது என்பது தெளிவாகத் தெரியும். பின்னால் யோசித்து இதை எழுத முடியாது. வாசித்த பிறகு எல்லாமே முன்பே தெரிந்தது போலத்தான் இருக்கும்.

கொப்பிப் பதிவு ஒவ்வொன்றிலும் மூன்று விடயம் இருக்கட்டும்: பக்க எண், அந்த இடத்தின் நாலைந்து சொல், உங்களுக்குத் தோன்றியது ஒரு வரியில். நம்ப முடியாத இடத்துக்கு ஒரு பெருக்கல் குறி, விளங்காத இடத்துக்குக் கேள்விக்குறி, முன்பு வந்த ஏதோ ஒன்றோடு ஒத்துப்போகும் இடத்துக்குச் சமன் குறி என்று வைத்துக்கொண்டால் பிறகு தேடுவது சுலபம். 250 பக்க நாவலுக்கு 25 முதல் 40 பதிவு வரை சரியான அளவு. 80 தாண்டினால் நீங்கள் கதைச்சுருக்கம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். பத்துக்குக் குறைந்தால் எழுதும்போது கையில் ஒன்றும் இருக்காது, முன்னுரையையும் பின்னட்டையையும் பார்த்து எழுதும் நிலைதான் வரும்.

இரவல் நூலில் கோடு போட வேண்டாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒட்டுத்தாளும் வேண்டாம். நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் மழைக்கால ஈரத்தில் அதன் பசை பக்கத்தில் ஊறிவிடும். சில கிழமை கழித்துப் பிடுங்கினால் பழைய தாளில் எழுத்தோடு சேர்ந்து உரியும். இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் வெறும் கடதாசித் துண்டுகள் வெட்டி வைத்துக்கொள்வதே நல்லது. ஜெல் பேனையும் ஈரத்தில் பரவும், பென்சில் பரவாது. கைபேசியில் படம் எடுப்பதானால் பக்க எண்ணும் படத்துக்குள் வரும்படி எடுங்கள். பக்க எண் இல்லாத படங்கள் குவிந்துவிட்டால் அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

முடித்த அன்றிரவு

நூலை மூடி அப்பால் வைத்துவிட்டு, கொப்பியைப் புரட்டாமல், நினைவில் நிற்பதைப் பத்து வரியில் எழுதுங்கள். பிறகு இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு இந்தப் பத்து வரியையும் வாசிக்கும்போது எடுத்த பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டிலும் வரும் இடங்கள் குறிப்பின் மையத்துக்கு உரியவை. பதிவில் இருந்தும் நினைவில் தங்காதவற்றை, அந்த நேரம் அழகாகப்பட்ட வரிகளை, தைரியமாக விட்டுவிடலாம். மிகவும் பயனுள்ளது மூன்றாவது வகை: நீங்கள் நினைவில் தவறாக வைத்திருக்கும் இடம். அப்பா பஸ் நிலையத்தில் அழுதார் என்று எழுதியிருப்பீர்கள். நூலைத் திறந்தால் அவர் அழவே இல்லை, டிக்கட்டை மடித்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அழுகையைச் சேர்த்தது நீங்கள். ஆசிரியர் சொல்லாமல் விட்டதை எப்படி உங்களைக்கொண்டே சொல்ல வைத்தார் என்று எழுதினால், அதுவே குறிப்பின் சிறந்த பத்தியாகிவிடும்.

முப்பது பதிவிலிருந்து மூன்று இடங்களைத் தெரிவு செய்யுங்கள். மூன்றும் ஒரே கேள்வியைச் சுற்றி இருக்க வேண்டும். முதல் அத்தியாயத்தின் பெரட்டுக் காட்சி (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது), நடுவில் ஒரு காமன் கூத்து (மன்மதன் கதையை ஆடும் தோட்டத்துக் கூத்து), கடைசியில் ஒரு மரணம் என்று மூன்று நல்ல இடங்களை வெறுமனே எடுத்தால் குறிப்பு மூன்று துண்டாக நிற்கும். ‘இந்த நாவலில் யார் பேசாமலே இருக்கிறார்கள்?’ என்ற கேள்வியை வைத்து அதே மூன்றையும் பார்த்தால் அவை சேர்ந்துகொள்ளலாம். சேராவிட்டால் ஒன்றை மாற்றுங்கள். மற்ற 27 பதிவும் கொப்பியிலேயே இருக்கட்டும். இந்த இடத்தில்தான் பலருக்கு மனசு வராது. சேர்த்ததையெல்லாம் போட்டுவிடவேண்டும் என்ற ஆசையால் கெட்ட குறிப்புகள் ஏராளம்.

எழுதும்போது

700 சொற்களில் ஒரு குறிப்பு என்று வைத்துக்கொள்வோம். கதை 120 சொல்லைத் தாண்ட வேண்டாம். மூன்று இடங்களுக்கும் சேர்த்து 400. உங்களுக்கு ஒவ்வாததற்கு 100. மிச்சம் நூல் விபரத்துக்கும் யாருக்கு இது பிடிக்கும் என்பதற்கும். நாவலின் முதல் மூன்றிலொரு பங்கில் நடப்பதைத் தாராளமாகச் சொல்லலாம், அதற்குப் பின் நடப்பதைச் சொல்லியே ஆகவேண்டுமானால் முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள். தன்வரலாற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு அவ்வளவு தேவையில்லை.

இனி, பத்தி எப்படி எழுதுவது. எடுத்துக்காட்டுக்காக இல்லாத ஒரு நாவலைக் கற்பனை செய்வோம். வழக்கமாக வரும் பத்தி இது:

‘நூலாசிரியர் தோட்டத் தொழிலாளரின் அவல வாழ்வை உயிரோட்டத்துடன் சித்திரித்துள்ளார். பாத்திரப் படைப்பு அருமை. வாசிக்கையில் கண்கள் குளமாகின்றன.’

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. நூலின் பெயரை மாற்றி, வேறொரு நாவலின் பெயரைப் போட்டுப் பாருங்கள். பத்தி அப்படியே பொருந்தினால் அதில் ஒன்றும் சொல்லப்படவில்லை. மேலேயுள்ளது எந்த நாவலுக்கும் பொருந்தும். பாடசாலையில் நயத்தல் வினாவுக்கு விடை எழுதிப் பழகிய கை இது: கருப்பொருள், பாத்திரம், மொழிநடை, உவமை என்று தலைப்பு வாரியாக ஓடும். பரீட்சையில் புள்ளி கிடைக்கும், வாசகருக்கு ஒன்றும் கிடைக்காது.

அதே பத்தி இப்படி வரலாம்:

‘பக்கம் 84 இல் மூத்தவள் பாடசாலைப் பையைக் கொழுந்துக் கூடைக்கு அடியில் வைத்துக்கொண்டு மலைக்கு ஏறுகிறாள். ஏன் என்று ஆசிரியர் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு நேரம் எடுத்தது. ஆனால் அடுத்த அத்தியாயத்தில் தாய் அதே பையைப் பற்றி மூன்று பக்கம் புலம்புகிறாள். 84 ஆம் பக்கம் என்மேல் ஏற்றிய பாரத்தை அந்தப் புலம்பல் இறக்கி வைத்துவிட்டது.’

இதில் நாலு விடயம் இருக்கிறது: இடம், அங்கே நடப்பது, ஆசிரியர் அதைச் சொன்ன விதம், வாசித்தவருக்கு நேர்ந்தது. கடைசி இரண்டுக்கும் உள்ள தொடர்பு வெளிப்படையாகத் தெரிகிறது. ‘அவலம்’ என்ற சொல் இல்லாமலே அவலம் வந்துவிட்டது. குறையும் அதே மூச்சில் சொல்லப்பட்டிருப்பதால், பாராட்டை ஒரு பக்கமும் குறையை ஒரு பக்கமும் தனித்தனியே அடுக்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது.

மேற்கோள் மூன்று வரிக்கு மேல் போக வேண்டாம். எடுத்த மேற்கோளை எழுத்துக்கு எழுத்து மூலத்தோடு ஒப்பிடுங்கள். தோட்டத்துப் பேச்சைத் ‘திருத்தி’ எழுதிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. ‘வூட்டுக்கு’ என்று ஆசிரியர் எழுதியிருந்தால் அதை ‘வீட்டுக்கு’ ஆக்க உங்களுக்கு உரிமை இல்லை. காம்பரா, இஸ்தோப்பு, பெரட்டு, கொந்தரப்பு, கவ்வாத்து போன்ற சொற்களுக்கு இங்குள்ள வாசகருக்கு விளக்கம் வேண்டாம். யாழ்ப்பாணத்திலோ தமிழ்நாட்டிலோ வாசிப்பார்கள் என்றால், வாக்கியத்துக்குள்ளேயே பொருள் தெரியும்படி எழுதினால் போதும்.

‘நான்’ எவ்வளவு வரலாம்?

தன் அனுபவம் கலந்த குறிப்பு என்றதும் சிலர் நூலை விட்டுவிட்டுத் தங்கள் பிள்ளைப் பராயத்தை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) வளர்ந்தவர் லயத்து நாவலை வாசித்தால் இது நேர்வது இயல்புதான். அளவு இதுதான்: உங்கள் வாழ்க்கை வரும் ஒவ்வொரு வரியும் நூலின் ஒரு வரியை விளக்கப் பயன்பட வேண்டும். ‘எங்கள் பீலிக்கரையிலும் (லயத்தார் தண்ணீர் பிடிக்கும் இடம்) இப்படித்தான்’ என்றால் அது நூலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ‘பீலிக்கரைச் சண்டையை ஆசிரியர் காலை நேரத்தில் வைக்கிறார். காலையில் சண்டை போட யாருக்கும் நேரம் இருந்ததில்லை. அதனால் அந்தக் காட்சியை என்னால் நம்ப முடியவில்லை’ என்றால் சொல்கிறது. 700 சொல்லில் இப்படி இரண்டு இடம் போதும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ரஷ்ய நாவலோ ஆபிரிக்க நாவலோ வாசித்தாலும் ‘இது நம் லயத்துக் கதையேதான்’ என்று முடிக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். ஒப்புமை தெரிகிற இடத்தைவிட ஒப்புமை உடைகிற இடம் எழுதத் தகுந்தது. மொழிபெயர்ப்பில் வாசித்துவிட்டு மூல ஆசிரியரின் நடையைப் புகழ்வதும் வேண்டாம், நீங்கள் வாசித்தது மொழிபெயர்ப்பாளரின் தமிழ். நம் ஊர் எழுத்துக்கும் இது பொருந்தும். சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய கவிதையைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழில் தந்தவர் சக்தி பாலஐயா. அந்தத் தமிழ் வரி உங்களை அசைத்தது என்றால் இரண்டு பெயரும் குறிப்பில் வர வேண்டும்.

தன்வரலாறு வாசித்து எழுதும்போது

நாவலில் ‘நான்’ என்று பேசுகிறவர் ஆசிரியர் அல்லர். பாத்திரத்தின் கோபத்தை ஆசிரியரின் கொள்கையாக எழுதிவிடாதீர்கள். தன்வரலாற்றில் நிலைமை வேறு. அங்கே இரண்டு ‘நான்’ உண்டு: அன்று வாழ்ந்த சிறுவன், இன்று எழுதும் முதியவர். எந்த வரி யாருடையது என்று பார்ப்பதே நல்ல வாசிப்பு. பத்து வயதுப் பையன் கணக்கப்பிள்ளையைப் பார்த்து வர்க்கச் சுரண்டலைப் புரிந்துகொண்டான் என்று ஒரு வரி வந்தால் அதை எழுதுவது முதியவர். அதில் பிழை இல்லை, ஆனால் அந்த இரண்டு குரலும் எங்கே சேர்கின்றன, எங்கே மோதுகின்றன என்பது உங்கள் குறிப்புக்குரிய விடயம்.

ஆண்டுகளைச் சரிபார்க்கும் பழக்கம் நாவலுக்கும் தன்வரலாற்றுக்கும் பயன்படும். சில ஆண்டுகளைக் கொப்பியின் பின்னட்டையில் எழுதி வைத்துக்கொள்ளலாம். கண்டிப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிர்ச்செய்கையாகத் தொடங்கியது 1867. ஆகவே 1850 களில் நடக்கும் கதையில் பெண்கள் கொழுந்து பறித்தால் இடறுகிறது, அது கோப்பிக் காலம். அதே 1867 இல்தான் கண்டிக்கு ரயில் வந்தது, பதுளைக்கு வந்தது 1924. மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம் 1948. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபர் 30: அப்படி நாடற்றிருந்தவர்களில் ஐந்து இலட்சத்து 25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேருக்கு இலங்கைக் குடியுரிமை, தீர்க்காமல் விட்ட ஒன்றரை இலட்சம் பேர் 1974 இல் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது 1975, நிர்வாகத்தை மறுபடி கம்பனிகளுக்குக் கொடுத்தது 1992.

இந்தியா போனவர்களின் கதைகளில் அடிக்கடி இடறும் இடம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22, 23 ஆம் திகதிப் புயலில் அந்த ஊரும் ரயில் பாதையும் அழிந்துபோயின. அதன் பிறகு தலைமன்னாரிலிருந்து போன கப்பல் இராமேசுவரத்துக்குத்தான் போனது. ஒப்பந்தத்தின்படி ஆட்கள் திரளாகப் போனது அதற்கும் பிற்பாடு. 1970 இல் ஒரு குடும்பம் தனுஷ்கோடியில் இறங்குவதாக வந்தால் அது பிழை.

பிழை கண்டால் என்ன செய்வது? நாவலானால் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், கதையின் திருப்பமே அதன்மேல் நின்றால் மட்டும் விரித்து எழுதலாம். தன்வரலாற்றில் இன்னும் நிதானம் வேண்டும். தாத்தா இறங்கிய துறையும் தான் இறங்கிய துறையும் குடும்பத்தில் சொல்லிச் சொல்லி ஒன்றாகிப் போயிருக்கலாம். ‘ஆசிரியர் பொய் சொல்கிறார்’ என்று எழுதாமல், ‘இங்கே இரண்டு தலைமுறையின் பயணம் கலந்திருக்கிறது போல’ என்று எழுதுங்கள். பிழை பிடித்ததையே தலைப்பாக்கும் குறிப்புகள் நம்மிடையே கொஞ்சம் அதிகம். பிழைத்திருத்தம் வேறு, வாசிப்பு வேறு.

ஒருவர் வாழ்ந்த வாழ்க்கைக்குப் புள்ளி போடக்கூடாது. அதைச் சொன்ன விதத்தையும், எதைச் சொன்னார், எதை விட்டார் என்பதையும் பற்றி எழுதலாம். தொழிற்சங்கத் தலைவர்களின் நினைவுகளில் கூட்டம், வேலைநிறுத்தம், வழக்கு எல்லாம் விரிவாக இருக்கும். வீட்டில் யார் அடுப்பு மூட்டினார்கள், தலைவர் சிறைக்குப் போன மாதம் யாருடைய பேரில் அரிசி வந்தது என்று தேடிப் பாருங்கள். மனைவியின் சம்பளத்தைக் கணவன் கையெழுத்திட்டு வாங்கும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. தொழிலாளர் உரிமைக்காகப் போராடியவரின் நூலில் அதற்கு ஒரு வரியாவது இருக்கிறதா? இல்லாமல் இருந்தால் அந்த மௌனம் எழுதத்தக்கது. ஆனால் அதைக் கேள்வியாக விட வேண்டும், குற்றப்பத்திரமாக ஆக்க வேண்டாம்.

மலையகம் சின்ன இடம் என்பதை மறக்கவும் கூடாது. ஆசிரியர் தோட்டத்தின் பெயரையோ ஆட்களின் பெயரையோ மாற்றியிருந்தால், அது யார் என்று உங்களுக்குத் தெரிந்தாலும் குறிப்பில் அவிழ்க்காதீர்கள். ஆசிரியர் சொல்லாத சாதியை நீங்கள் சொல்லாதீர்கள். அந்தக் குடும்பம் இன்னும் அதே டிவிசனில் இருக்கலாம்.

குறை சொல்வது

ஆசிரியர் அடுத்த தோட்டத்து மாஸ்டராகவோ உங்களுக்குப் படிப்பித்தவராகவோ இருப்பார். அதனால் குறையைச் சொல்லாமல் விடுவதும், சொன்னதை ‘சிறு சிறு குறைகள் இருப்பினும்’ என்ற ஒரே வாக்கியத்தில் புதைப்பதும் நடக்கிறது. அந்த வாக்கியத்தை யாரும் நம்புவதில்லை. குறையையும் பக்க எண்ணோடு சொல்லுங்கள், ஆளைப் பற்றிச் சொல்லாமல் பகுதியைப் பற்றிச் சொல்லுங்கள். ‘ஆசிரியருக்குப் பெண்களை எழுதத் தெரியவில்லை’ என்பது தீர்ப்பு. ‘செல்வி வரும் ஆறு காட்சியிலும் அவள் அழுகிறாள் அல்லது தேத்தண்ணி ஊற்றுகிறாள்’ என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய உண்மை, ஆசிரியரே மறுக்க முடியாது. நூல் அன்பளிப்பாக வந்திருந்தால் அதைக் குறிப்பில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பக்கத்து ஊர்க்காரர் என்றால் அதையும்.

பாதியில் வைத்த நூலைப் பற்றியும் எழுதலாம். எந்தப் பக்கத்தில் நின்றீர்கள், ஏன் நின்றீர்கள் என்று சொன்னால் நேர்மையான குறிப்புத்தான். முழுதும் வாசித்ததுபோல எழுதினால் மட்டும் ஆபத்து, கடைசி அத்தியாயம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டிருக்கும்.

மாதம் மூன்று நாலு நூலைச் சேர்த்து எழுதுகிறவர்கள் நூலுக்கு 150 சொல் என்று வைத்து, ஒன்றுக்கு ஒரேயொரு இடத்தை மட்டும் எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் பொதுவான இழை ஒன்றைத் தேடி வலிந்து கட்ட வேண்டாம். முதலாம் இரண்டாம் என்று தரவரிசையும் வேண்டாம்.

அனுப்பும் முன்

ஒருமுறை உரத்து வாசியுங்கள். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சொல் போகும். ஆகவே 700 சொல் ஏழு நிமிடம், வாசகர் வட்டத்தில் வாசிக்கவும் அதுவே அளவு. மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். ‘மிக’, ‘மிகவும்’, ‘அற்புதமான’ வரும் இடங்களில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வாக்கியம் நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நிற்கும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து இணையத்துக்கோ பத்திரிகைக்கோ அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் ஆங்கில எழுத்துக் குழப்பமாகத் தெரியும். யூனிகோடில் அடியுங்கள், ஏற்கெனவே பாமினியில் இருந்தால் மாற்றியில் போட்டு மாற்றுங்கள். மாற்றிய பின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று, குறிப்பாக ஒ, ஓ, ஔ வரிசை எழுத்துகளில் பாருங்கள். ஆட்களின் பெயரைக் கடைசியாக ஒருமுறை நூலின் அட்டையோடு ஒப்பிடுங்கள். ஆசிரியரின் பெயரைப் பிழையாக எழுதிய குறிப்பை அவர் மன்னித்தாலும் வாசகர் மன்னிக்க மாட்டார்.

வெளிவந்த பிறகு பிழை தெரியவந்தால் சத்தமில்லாமல் மாற்றிவிட வேண்டாம். எது மாறியது, எந்தத் திகதியில் என்று குறிப்பின் அடியில் ஒரு வரி போடுங்கள். ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து விளக்கம் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் அனுமதித்தால் அந்த விளக்கத்தையும் அடியில் சேர்க்கலாம், ஆனால் வாசித்தபோது உங்களுக்குத் தோன்றியதை அதற்காக அழிக்காதீர்கள். கொப்பியை மழை ஊறும் சுவரோரம் வைக்காமல் கதவுப் பக்கத்து ராக்கையில் வையுங்கள். கடைசி இரண்டு பக்கத்தை நூல் பெயர்களின் பட்டியலுக்கென்று ஒதுக்கி, எந்த நூலின் பதிவு எந்தப் பக்கத்தில் ஆரம்பிக்கிறது என்று எழுதி வைத்தால், அதே ஆசிரியரின் அடுத்த நூல் வரும்போது தேட வேண்டியிராது.